அமாவாசை அரிசி

ஜூலை 22, செவ்வாய்

இரண்டு மாடு, ஒரு குதிரை, ஒரு புருஷன், ஒரு ஜவுளிக்கடை. இந்த ஐந்தில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவது ஜவுளிக்கடை மட்டும்தான்.

நாலரைக்குப் பால் கறந்தேன், சாணி வாரினேன், பதினோரு வீட்டுக்குப் பால் ஊற்றினேன், குளித்தேனா என்று நினைவில்லை. ஒன்பதரைக்குத் தி.நகர். ஆடித் தள்ளுபடி. காலையிலிருந்து நூறு புடவையாவது பிரித்திருப்பேன், மடித்தது அதற்கு மேல். எங்களுக்கு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், சட்டமாம். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வைக்கு ஒரு சட்டமும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் ஜவஹர் குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டு பாட்டுப் பாடுகிறார். எனக்கு ஒரு டம்ளர் காபி போட ஆளில்லை, ஜிகினாவுக்கு ஷாம்பு.

ஜூலை 23, புதன்

மெஹபூப் பாய் வந்து ஜிகினாவின் முன்கால் இரண்டுக்கும் புது லாடம் அடித்துவிட்டுப் போனார். ஆடி முடிந்தால் கல்யாண ஊர்வலங்கள் வரும், அதற்கு முன்னேற்பாடு. பீச்சில் சவாரி ஓடுகிற ஏழெட்டுக் குதிரைகளுக்கும் அவர்தான். அவர் வந்து குனிந்தால் போதும், ஜிகினா தானே காலைத் தூக்கிக் கொடுக்கிறது. நான் கிட்டே போனால் வாலால் அடிக்கிறது.

கால் வீங்கியிருக்கிறது. என்னுடையது.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

இன்று மாடு வைத்திருப்பவளுக்கு மூச்சு விட நேரமில்லை. ஆறு மணிக்கே வாசலில் கூட்டம். அகத்திக்கீரைக் கட்டு, வாழைப்பழம், ஊறவைத்த பச்சரிசியில் வெல்லம். ஒவ்வொருவரும் தன் கையால்தான் கொடுக்க வேண்டும், தன் கண் முன்னால்தான் மாடு தின்ன வேண்டும். வடக்கு மாட வீதி அபயாம்பாள் மாமி ஒரு பெரிய தூக்கு நிறையக் கொண்டுவந்தாள்.

"எங்காத்துல தர்ப்பணம் ஆயிடுத்துடி மதுமதி. மாடு வாய் வெச்சப்புறம்தான் நாங்க சாப்டணும். கொஞ்சம் கிட்ட இழுத்துண்டு வாயேன்."

ஆளுக்கு ஒரு வாய் வைக்க விட்டு, மீதியை வாளியில் வாங்கிக்கொண்டேன். மாட்டுக்கு இதற்கு மேல் கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும். எட்டரைக்கு அரை வாளி சேர்ந்துவிட்டது. செத்தவர்கள் பெயரைச் சொல்லிக் கொண்டுவந்த அரிசி, குப்பையில் கொட்ட மனசு வரவில்லை. கால்வாயிலும் கூடாது. ஜவஹர் புல் வாங்கப் போயிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குதிரைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு ஓடினேன்.

ஜூலை 25, வெள்ளி

ஜிகினா கொள்ளைத் தொடவில்லையாம். கழிச்சல் வேறு. "வெயிலு" என்றார் ஜவஹர். இருக்கும் என்றேன்.

ஜூலை 26, சனி

நடக்க மாட்டேன் என்கிறது. முன்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பின்னால் சாய்ந்து நிற்கிறது. ஓர் அடி வைப்பதற்குள் உடம்பு முழுக்க நடுங்குகிறது. குளம்பைத் தொட்டுப் பார்த்தேன், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது.

"பாய் ஆணிய உள்ள இறக்கிட்டாரு," என்றார் ஜவஹர். "ரெண்டு கால்லயும். கண்ணு தெரியாத ஆளுகிட்ட வுட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு லாடத்தை அவரே நெம்பிக் கழற்றினார். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது குரல் கட்டியிருந்தது.

எனக்கு அரிசி ஞாபகம் வந்தது. வந்ததும் வேறு வேலையைப் பார்க்கப் போனேன்.

ஜூலை 27, ஞாயிறு

கால்நடை டாக்டர் மாளவிகா ஏழு மணிக்கே வந்தார். சின்னப் பெண். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வந்தார். குளம்பைத் தொட்டார், கணுக்காலில் நாடி பிடித்தார். குளம்புக்கு உள்ளே வீக்கம் என்றார். முற்றினால் உள்ளே இருக்கிற எலும்பே இறங்கிவிடுமாம். அப்புறம் நிற்காது. நிற்காத குதிரையை என்ன செய்வார்கள் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"தீவனத்தாலயும் வரும், லாடத்தாலயும் வரும். புதுசா ஏதாவது குடுத்தீங்களா? அரிசி, ஸ்வீட், கல்யாண வீட்டுச் சாப்பாடு?"

"அரிசியா?" ஜவஹர் சிரித்தே விட்டார். "என் கொயந்தைக்கு ஒரு பருக்கை போட மாட்டேன் டாக்டர். கொள்ளு, புல்லு, தவுடு. அவ்ளோதான்."

நான் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குதிரையின் தலையை. டாக்டர் என்னையும் ஒருமுறை பார்த்தார். ஏன் வாயைத் திறக்கவில்லை? ஒரே ஒரு வார்த்தை. 'அமாவாசை' என்று ஆரம்பித்திருந்தாலே போதும்.

ஊசி போட்டார். காலை ஐஸில் வைக்கச் சொன்னார். படுக்க மணல் பரப்பச் சொன்னார்.

கடைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். ஞாயிறு, ஆடி, கேட்க வேண்டுமா. எல்லாருக்கும் முன்னால் திட்டினார்கள். உறைக்கவே இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவர்களிடம் ஐஸ் வாங்கிவருகிறோம். மீன்பெட்டி ஐஸ். இரண்டு பிளாஸ்டிக் டப்பில் கொட்டி, ஆளுக்கொரு காலாகப் பிடித்து இறக்குகிறோம். ஜிகினா மேலெல்லாம் வஞ்சிர நாற்றம். என் மேலும். கடையில் ஒரு அம்மா பட்டுப்புடவையை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனாள். பக்கத்து கவுன்ட்டர் ஸ்வர்ணலதா சிரிப்பை அடக்க முடியாமல் கீழே குனிந்துகொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நாலு நாளில் முதல் தடவை.

ஜூலை 30, புதன்

மாடு உதைத்துப் பால் கொட்டியது. கைவிரல்கள் ஐஸில் மரத்துப் போயிருந்தன, மடியை இழுத்துவிட்டேன் போல. அதனிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

ஜைதூன் பீ பால் வாங்க வந்தாள். பாயின் மனைவி. எப்போதும் அரை லிட்டர். இன்று பாத்திரத்தை நீட்டி, "கா லிட்டர் போதும்மா," என்றாள்.

"ஏன்க்கா?"

"ஆறு நாளா ஒரு குதிர வரல. உங்க வூட்டுக்காரரு பீச்சு பூரா சொல்லிக்கீறாராமே. ஐஸ் ஹவுஸாண்டேர்ந்து வேற ஆளை இட்டுக்கினு வர்றாங்களாம். இவரு உளியத் தீட்டிக்கினே குந்திக்கீறாரு. முப்பது வருசத்துல ஒரு குதிரைக்கும் ரத்தம் வந்ததில்லன்னு செவுத்துகிட்ட சொல்றாரு." கொஞ்சம் நிறுத்தி, "குதிர எப்டிமா கீது?" என்று கேட்டாள்.

அதைக் கேட்காமல் போயிருக்கலாம். அரை லிட்டராகவே ஊற்றினேன். வேண்டாம் வேண்டாம் என்றாள், கேட்காமல் ஊற்றினேன். பாலை ஊற்றி என் வாயை அடைத்துக்கொள்கிறேன், வேறென்ன.

எத்தனை தைரியமாகப் பேசுகிறவள் நான். கஸ்டமரிடம், புல்லுக்காரனிடம், மாடு பிடிக்க வருகிற கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டரிடம். தெரு முழுக்க என் வாய்க்குப் பயப்படும். இங்கே என்ன ஆயிற்று? ஜவஹர் அடிக்கிறவர் இல்லை. அடித்தால்கூடச் சொல்லியிருப்பேன். அந்தக் குதிரையைப் பார்க்கும்போது அவர் முகம் இருக்கிறதே, அந்த முகம் என் பக்கம் திரும்பும்போது வேறு மாதிரி ஆகிவிடும் என்று பயம். அவ்வளவுதான். வெட்கக்கேடு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

படுத்தே கிடக்கிறது. எழுப்பினால் முனகுகிறது. குதிரை முனகும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஆகஸ்ட் 2, சனி

ஜவஹர் டாக்டரிடம் சண்டை. ஆணி குத்தி உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, குளம்பைச் செதுக்கித் திறந்து விடுங்கள் என்று பிடிவாதம். டாக்டர் யோசித்தார். "லாடம்தான் காரணம்னா பார்க்கலாம். தீவனமா இருந்து நான் செதுக்கிட்டா, இருக்கிற பிடிமானமும் போயிடும். தீவனம் இல்லைன்னு உறுதியா சொல்றீங்களா?"

"சத்தியமா டாக்டர்."

திங்கள் காலை செதுக்குவதாக முடிவாகிவிட்டது. சத்தியம் அவருடையது, பொய் என்னுடையது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. பதினெட்டாம் பெருக்கு

கடையில் கால் வைக்க இடமில்லை. பதினோரு மணி வரைக்கும் புடவை மடித்தேன். எதை எடுத்தாலும் கை குளம்பைத்தான் தொடுகிற மாதிரி இருந்தது. ஸ்டாக் ரூமுக்குப் போய், ஜாக்கெட் துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்று டாக்டருக்குப் போன் போட்டேன். சொன்னேன். ஆடி அமாவாசை, அரை வாளி, பச்சரிசி, வெல்லம், பழம். எல்லாம்.

எத்தனை மணிக்கு வைத்தேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"முதல் நாளே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்மா."

"தெரியும் டாக்டர்."

"நாளைக்கு நான் செதுக்க மாட்டேன். மருந்தையும் மாத்தணும். ஆனா ஏன் செதுக்கலன்னு அவர் கேட்பார். நான் பொய் சொல்ல மாட்டேன்."

"வேணாம் டாக்டர். இன்னிக்கே சொல்லிடறேன்."

அரை நாள் லீவு கேட்டேன். இன்றைக்கா என்றார் சூப்பர்வைசர். இன்றைக்குத்தான் என்றேன்.

ஜவஹர் மணலில் உட்கார்ந்து ஜிகினாவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். நான்தான்யா வெச்சேன், அமாவாசையன்னிக்கி, தெரியாம வெச்சேன், அப்புறம் தெரிஞ்சும் சொல்லல. பாயி ஒண்ணும் பண்ணல.

திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"டாக்டரு கேட்டப்ப நீ பக்கத்துலதான நின்னுக்கினு இருந்த?"

ஆமாம் என்றேன். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அது என் வேலை. பத்து வருஷத்தில் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பேசவில்லை. ஐஸ் டப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குகிறோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது மட்டும்தான் பேச்சு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

புது மருந்து கேட்கிறது. சூடு குறைந்திருக்கிறது. தவிடு கொஞ்சம் தின்றது.

இன்னும் பேசவில்லை. சாப்பாட்டைப் போட்டு வைக்கிறேன், சாப்பிடுகிறார். உப்பு அதிகம் என்றாவது சொல்லலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, இறங்கவில்லை. பிழைத்துக்கொள்ளும் என்றார். சவாரிக்கு ஒரு வருஷம் கிடையாது, அதற்குப் பிறகும் பெரியவர்களை ஏற்றக் கூடாது. ஆவணி ஊர்வலமெல்லாம் போயிற்று. குளம்பை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கை தெரிந்த ஆள் இழைத்துவிட வேண்டும். "யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

இருந்த ஒரு ஆளையும் நாங்களேதான் விரட்டிவிட்டோம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஜவஹர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. காலையில் டிபன் பாக்ஸை எடுத்து மேடை மேல் வைத்தார். நிரப்பிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு இல்லை. சுதந்திர தினத் தள்ளுபடி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் மாட்டுக் கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்தேன். வெளியே குளம்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் பீச்சுக் குதிரைகள் ஐந்து எங்கள் சந்தில் வரிசையாக நிற்கின்றன. ஃபராஸ், தல்ஹா, மற்ற குதிரைக்காரர்கள், எல்லாரும். அவர்களுக்கு நடுவில் ஜவஹர். பக்கத்தில் மெஹபூப் பாய், கையில் சாமான் பை. ஜவஹர் போய் அழைத்து வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"பாயி மேல தப்பில்ல," என்று ஜவஹர் உரக்கச் சொன்னார். "பீச்சு பூரா சொன்ன வாயாலயே இப்ப சொல்றேன். ஆடி அமாவாசை அரிசிய நான்தான் குதிரைக்கு வெச்சேன். புத்தி கெட்டுப் போய் வெச்சேன். பாயி, செருப்பால அடி."

ஐந்து ஆட்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "குதிரைக்காரன்னு சொல்லிக்காத நைனா இனிமே," என்றான் தல்ஹா. ஜவஹர் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டு வாரமாக முகம் பார்த்துப் பேசாத மனுஷன். கொட்டகைக்குள்ளேயே நின்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சாணிக் கையோடு வெளியே வந்தேன்.

"அவரு வெக்கல பாய். நான்தான் வெச்சேன். அவருக்குத் தெரியவே தெரியாது. டாக்டரு கேட்டப்பவும் நான்தான் சொல்லல."

ஜவஹர் என்னைப் பார்த்தார். பாய் பையைக் கீழே வைத்தார்.

"எவ்ளோம்மா வெச்ச?"

"அரை வாளி பாய்."

"டாக்டருக்குத் தெரியுமா இப்ப?"

"சொல்லிட்டேன்."

"அப்ப சரி." குனிந்து உளியை எடுத்தார். "கைய கழுவிக்கினு வா. நீயே கால புடி."

கழுவிக்கொண்டு வந்தேன். ஜிகினா எனக்குக் காலைத் தூக்கிக் கொடுக்கவில்லை. கெஞ்சினேன், கொடுக்கவில்லை. ஜவஹர் வந்து என் கைக்கு மேல் கை வைத்துத் தூக்கினார். முழுக் குளம்பையும் இழைத்து முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டிருந்தோம்.

கடைக்கு இன்றும் லேட்.