சாட்டையை ஒழித்த ராஜா

கோட்டை மலை, ஹெய்ட்டி

அன்புள்ள அம்மா,

உன் கால்தொட்டுக் கும்பிடுகிறேன். மூட்டுவலி தேவலையா? ஆடு குட்டி போட்டதா? எனக்கொன்றும் குறையில்லை. நம் ராஜாவின் கோட்டைக்குக் கல் சுமக்கிறேன்.

நம்மை அடிமையாக வைத்திருந்த வெள்ளைக்காரத் துரையின் கரும்பாலையைக் கொளுத்திய அன்று நீ சங்கு ஊதித்தானே எல்லோரும் திரண்டார்கள்? இங்கே தினமும் கண்காணி அதே மாதிரிச் சங்கை ஊதி எங்களை வேலைக்கு எழுப்புகிறான். நேற்று நான் எழவில்லை.

"அது சண்டைக்கு ஊதுற சங்குடா, கல்லு தூக்க இல்ல" என்றேன். முதுகில் அடி விழுந்தது.

"சாட்டையத்தான் ராஜா ஒழிச்சிட்டாரே?" என்று கேட்டேன்.

"நல்லாப் பாரு, இது காட்டுக்கொடி. நீ இப்ப அடிமையாடா, சாட்டையால அடிக்க?" என்று இளிக்கிறான், பாவிப்பயல். வேறு யாருமில்லை, துரை தோட்டத்தில் நம்மோடு கரும்பு வெட்டிய அந்த டோர்வில்தான்!

சின்னக் காயம்தான், பயப்படாதே. கழுதைக்கார அசோரிடம் விளக்கெண்ணெயும் மரவள்ளி ரொட்டியும் கொடுத்தனுப்பு. இங்கே எண்ணெய் தேய்த்துவிட ஆளில்லை, நானே எப்படியாவது தேய்த்துக்கொள்வேன். குப்புறப் படுத்து எழுதுவதால் கை நோகிறது, முடிக்கிறேன்.

கூரையில் செருகியிருக்கும் உன் சங்கையும் ரொட்டிக்கு அடியில் வைத்து அனுப்பு. கண்காணிக்குச் சங்கைச் சரியாக ஊதத் தெரியவில்லை.

உன் மகன்,
செரஃபே