செல்லக்கனி பெண்பிள்ளைதான்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
20.8.86

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரர் சேதுபதி அவர்களுக்கு,

குருவம்மாள் எழுதுவது. எல்லையில் பனியும் குளிரும் உங்களை வாட்டாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தளவாய்புரத்தில் உங்கள் வீட்டை விட்டு வந்துவிட்டேன். பிள்ளையோடு என் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். நான் சொல்லாமல் ஓடிவிட்டதாக உங்கள் அக்கா மாடத்தி எழுதியிருப்பார். நடந்ததை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆடிப்பூரத் தேர் பார்க்க வந்த விருந்தாட்களால் வீடு நிறைந்திருந்தது. "இது பொட்டப்புள்ளயுமில்ல, பயலுமில்ல. நீங்களே பாருங்கத்தா" என்று உங்கள் அக்கா எல்லாப் பெண்கள் முன்னாலும் பிள்ளையின் பாவாடையைத் தூக்கிக் காட்டினார். நாலு வயதுப் பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து செல்லக்கனியும் கூடச் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் அக்காவை அறைந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

மறுநாளே அண்ணன் எங்களை மதுரைக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார், ரத்தம் பார்த்தார். உள்ளே கர்ப்பப்பை ஒழுங்காக இருக்கிறது, இது பெண்குழந்தைதான், சந்தேகமே வேண்டாம் என்றார். பிறகு, பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஏதாவது ஊசி போட்டார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முதல் இரண்டு கருவும் கலைந்த பிறகு, உங்கள் அக்கா என்னை ராஜபாளையத்தில் ஒருவரிடம் கூட்டிப்போனாரே! "கருவும் தங்கும், பயலாவும் பொறக்கும்" என்று வாராவாரம் ஊசி போட வைத்தார். என் மேலுதட்டில் ரோமம் முளைத்தபோது, "பயலேதான்" என்று சந்தோஷப்பட்டார். அந்த ஊசி ஆண் ஹார்மோன் மாதிரி வேலை செய்கிற மருந்தாம், டாக்டரம்மா சொன்னார். பிள்ளைக்கு உறுப்பு உருவாகிற மாதங்களில் ஏறியதால், வெளியே அந்த இடம் மட்டும் மாறிவிட்டதாம். ஊசி போட வைத்தவரே இன்று என் பிள்ளையைப் பார்த்துப் பழிக்கிறார்.

அவள் மரம் ஏறுகிறாள், பயல்களோடு பம்பரம் விடுகிறாள் என்று போன கடிதத்தில் கவலைப்பட்டிருந்தீர்கள். அதையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அது மருந்தாலா, அவள் இயல்பா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதாம். எதுவானாலும் அது நோயில்லை, வயதுக்கு மீறிய பேச்சும் புத்தியும் இருக்கிறது என்றார். சின்ன வயதில் நானும்தான் கிணற்றில் குதித்து நீந்தினேன். தெரிந்துதானே என்னைக் கட்டினீர்கள்?

பால்வாடிக்கு அனுப்பாதே, வீட்டோடு வை என்று எழுதினீர்களே, எப்படி மனசு வந்தது? நேற்று சேர்த்துவிட்டேன். பெண் என்றுதான் பதியச் சொன்னேன். உங்களுக்கு வேறு கல்யாணம் செய்யப்போவதாக உங்கள் அக்கா ஊரெல்லாம் சொல்கிறார். வேண்டாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறவருக்கு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்ல என்ன பயம்?

லீவு கிடைத்ததும் நேரே இங்கே வாருங்கள். வந்து என்னிடம் பேசக்கூட வேண்டாம். தெருவே பார்க்க அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறவு பார்த்துக்கொள்வோம்.

ஒரு குண்டும் உங்களை அண்டாமல் ஆண்டாள் காக்கட்டும். பிள்ளைக்கு அப்பா வேண்டும்.

இப்படிக்கு,
செல்லக்கனியின் அம்மா
குருவம்மாள்