திங்கள்தோறும் வந்த முப்பது பாட்டு

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டது. கடிதத்துக்கென்று வேறு வார்த்தை வரவில்லை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, நம்ப முடிகிறதா?

குவைத்திலிருந்து அறந்தாங்கிக்குத் திரும்பியவர்கள் தங்கமும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள். நீங்களோ, அங்கே உங்களோடு வேலை பார்த்த பல நாட்டுக்காரர்களின் பாட்டுகளைக் கொண்டுவந்தீர்கள். போனில் உலக உருண்டையைச் சுற்றி, தொட்ட ஊரின் ரேடியோவைக் கேட்கும் தளம் ஒன்று. அதில் பிடித்ததைத் தேடிச் சேர்த்துவைக்க இன்னொரு தளம். நீங்கள் கேட்டதையெல்லாம் கவனித்து, அது திங்கள்தோறும் முப்பது புதுப் பாட்டுகளை அடுக்கிவைக்கும். "முழுசாக் கேளு செல்வி, பாதியில நிறுத்துனா எந்தப் பாட்டும் மனசுல ஒட்டாது," என்பீர்கள். நான் சமையலறையிலிருந்து கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பேன்.

நீங்கள் போன அடுத்த திங்களும் உங்கள் பெயருக்குப் பட்டியல் வந்தது. அதற்குப் போய் யார் சொல்வது?

துக்க வீட்டில் ஒரு வருஷம் பாட்டுச் சத்தம் கூடாது என்று உங்கள் அக்கா சொல்லிவிட்டார். அதனால் மணமேல்குடி ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில், உங்கள் போனிலேயே, இயர்போனைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு கேட்டேன். எனக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைக்கூடத் தேடிப் போடவில்லை. போட்டால் பட்டியல் என் பக்கம் சாய்ந்து, அதிலிருந்தும் நீங்கள் போய்விடுவீர்களோ என்று பயம். பிடிக்காததைத் தள்ளிவிடுவேன், பிடித்ததை நாலு தடவை கேட்பேன், அவ்வளவுதான்.

போன வாரம் உங்கள் வருஷத் திதி. இனிப் பாட்டுப் போடலாம் என்று அக்கா வீட்டுக்காரர் உங்கள் போனை எடுத்து ஸ்பீக்கரில் மாட்டி, விடிந்ததிலிருந்து பந்தி முடியும்வரை பக்திப் பாட்டாகப் போட்டார். திங்கள்கிழமை பார்த்தால் முப்பதில் இருபத்தெட்டு முருகன். கருமாதி அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

நம் நித்யா கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், போனை வாங்கிப் பார்த்தாள். நீங்கள் சேர்த்துவைத்ததையும் இந்த வருஷம் நான் திரும்பத் திரும்பக் கேட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். உங்களுடையதில் முக்கால்வாசி மேளம். இந்த வருஷத்தில் எல்லாம் பெண் குரல்கள்.

"இந்த ஒரு வருஷமா நீதாம்மா கேட்ட. அப்பா பட்டியல் எப்பவோ மாறிப்போச்சு. இதெல்லாம் ஒனக்கு வந்த பாட்டு."

அவள் மேல் கோபம் வந்தது. உங்களோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்து இத்தனை நாளும் தனியாகவா இருந்தேன்? அன்றைக்கு ஆபீசில் ஒரு கோப்பும் நகரவில்லை.

நேற்று அவள் என் பெயரில் ஒரு கணக்கு திறந்தாள். உங்கள் கணக்கை அப்படியே மூடாமல் விட்டிருக்கிறோம், இனி அதில் யாரும் எதையும் போட மாட்டோம். இது என் வாக்கு. எனக்கானதை நானே தேடிக்கொள்கிறேன். நல்லதாக ஒன்று அகப்பட்டால் முதலில் உங்களிடம்தான் சொல்வேன்.

புதுக் கணக்கு முதலில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது, "உங்களுக்கு எந்த மாதிரிப் பாட்டு பிடிக்கும்?" என்று. நாற்பத்தெட்டு வயதுவரை என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. நீங்களும் கேட்டதில்லை. நித்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யோசிக்கவே இல்லை, பழைய பாட்டு என்று தட்டிவிட்டேன்.

உங்கள் மனைவி,
நித்யாவின் அம்மா
செல்வி