பெஸ் ஏறுகிற கேரவன்

ட்ரெவர்,

படுத்தும் தூக்கம் வரவில்லை, விடிந்ததும் கிளம்பிவிட்டேன். உன் கார் சாவி என்னிடம். கேரவனை இழுக்கிற கொக்கி அதில்தானே இருக்கிறது. விட்பி பக்கத்தில் ஒருவர் பழைய கேரவன் ஒன்றை விற்கிறாராம். சின்னதுதான், ஆனால் வாசற்படி தாழ்வாம்.

நம் கிழட்டு பெஸ்ஸையும் கூட்டிப்போகிறேன். அவள் தானாக ஏறினால்தான் வாங்குவேன். நேற்று கடையில் நீ ஆசைப்பட்ட கேரவனில் கட்டில், அடுப்பு எல்லாம் அழகுதான். ஆனால் பெஸ் அதன் உயரமான படியில் முன்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஏற முடியாமல் உன்னையே திரும்பிப் பார்த்தாள். நீ ஜன்னல் திரையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பத்து மணிக்குக் கடைக்காரர் கூப்பிடுவார். "இன்னைக்கே சொல்லிடுங்க சார், வேற ஆள் கேக்குறாங்க" என்பார். நான் போன் செய்யும்வரை சரி என்று சொல்லித் தொலைக்காதே.

அடுப்பில் சாஸேஜ் இருக்கிறது, உனக்கு. மற்ற நாய்கள் இரண்டும், டிக்கும் ஃபிளின்ட்டும், சாப்பிட்டாயிற்று. பட்டினி கிடக்கிற மாதிரி நடிப்பார்கள், நம்பாதே.

மார்ஜரி

பி.கு. கோபமெல்லாம் இல்லை. வெளியே போனால் குடை எடுத்துக்கொண்டு போ, கார் இல்லை.

இன்னொன்று. கோபம் இருக்கிறது. எத்தனை நாய் என்று கடைக்காரர் கேட்டதற்கு, "இப்ப மூணு, கோடைக்கு ரெண்டுதான் இருக்கும்" என்றாயே, பெஸ்ஸின் தலையைத் தடவிக்கொண்டே. அவளுக்குத்தான் காது கேட்காது, ட்ரெவர். எனக்குக் கேட்கும்.