மூன்றாவது மாடிக் கூட்டம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். நீ சொன்னபடி, குடியை விடுகிறவர்கள் கூடும் கூட்டங்களைத் தேடி அலைகிறேன். மூன்று பார்த்துவிட்டேன். முதலாவதில் எல்லோரும் கோட்டு போட்டவர்கள். என் கையில் கிரீஸ் வாடை. இரண்டாவதில் ஒருவர் மைக்கைப் பிடித்தால் விடுவதே இல்லை, கேட்டால் குடிக்காதவனுக்கும் குடிக்கத் தோன்றும். மூன்றாவதில் எங்கள் லிஃப்ட் கம்பெனி மேலாளரே உட்கார்ந்திருந்தார். அவர் தலையைத் திருப்புவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டேன்.

வேலை முடிந்து அறைக்கு வந்தால் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. உன் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 12

என் அருமைத் தம்பிக்கு,

சட்டை வாங்கப் போனாலே நாலு கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு வருகிறவன் நீ. இதிலும் அதே கதையா? காலர் சரியில்லை, பொத்தான் சரியில்லை என்று சொல்லாமல் ஒன்றில் போய் உட்காருடா.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உன் மனைவி போனது குடியால் இல்லை, "குடிக்கலை" என்று நீ பண்ணிய சத்தியங்களால். சொந்தபந்தம் எல்லாம் உன்னைக் கைகழுவியாகிவிட்டது. போனில் உன் பேச்சுக்கு நானும் மயங்கிவிடுவேன், அதனால்தான் எழுதச் சொல்கிறேன். குடித்துவிட்டேன் என்று எழுது, திட்டுவேன், ஆனால் பதில் போடுவேன். பொய் எழுதினால் என் கையெழுத்தை இனி நீ பார்க்க மாட்டாய்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கிடைத்துவிட்டது! வியாழன் மாலை ஆறு மணி, ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே, மூன்றாவது மாடி. நாலு வாரமாகப் போகிறேன். லாரி ஓட்டுகிறவர் ஒருவர் தன் கதையைச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்துப் பாதியில் அழுதுவிடுவார். ரிட்டயரான டீச்சர் ஒருவர், இரண்டு முழங்காலும் போய்விட்டது, கைத்தடியோடு லிஃப்டில் வருவார். போன வாரம் "எண்பத்தாறு நாள் ஆச்சு" என்று பரீட்சை மார்க் போலச் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம்.

நானும் இருபது நாளாகத் தொடவில்லை.

உன் தம்பி

ஏப்ரல் 24

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். போன தடவை நீ அவர் சட்டையைப் பிடித்தது எல்லாம் மறந்து, "வரச் சொல்லு, பத்து நாள் இருந்துட்டுப் போகட்டும்" என்று அவர் வாயாலேயே சொன்னார். உன் மனைவிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஊரார் கதையெல்லாம் எழுதினாய். நீ அங்கே என்ன பேசினாய் என்று எழுதவில்லையே? சொல்லேன்டா.

அக்கா

மே 15

அக்கா,

நான் அந்த அறைக்குள் உட்கார்ந்ததே இல்லை.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் எங்கள் கம்பெனி பராமரிப்பது. முதல் வாரம் நான் போனபோது மூன்றாவது மாடியில் கதவு சிக்கியது. என் கை சும்மா இருக்குமா? சரிசெய்ய உட்கார்ந்துவிட்டேன். கூட்ட அறைக் கதவு பாதி திறந்தே இருக்கும், எல்லாம் காதில் விழுந்தது. அடுத்தடுத்த வாரங்களும் ஸ்பானரோடு அங்கேயே உட்கார்ந்தேன். வேலை செய்கிறவனிடம் யாரும் "உன் கதை என்ன" என்று கேட்பதில்லை. இருபது நாள் என்றதும் பொய்.

உன் கடிதம் வந்த பிறகு, போன மாதக் கடைசி வியாழன், கூட்டம் தொடங்கும் முன் லாரிக்காரர் வெளியே வந்தார். "முடிச்சுட்டு உள்ள வாங்க, ஒரு நாற்காலி சும்மாதான் கிடக்கு" என்றார். உள்ளே போனால் நானும் பேச வேண்டுமே. வேலை முடியக் கூடாது என்பதற்காகக் கீழே போய் ஒரு வயரைக் கழற்றிவிட்டு, "பழுது" பலகையை மாட்டினேன். டீச்சர் வந்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்பா?"

"இன்னிக்கு ஆகாதும்மா."

படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. நேற்று லாரிக்காரர் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தார்: டீச்சர் அன்று வீட்டுக்குப் போனதும் குடித்திருக்கிறார், இன்னும் நிறுத்தவில்லை. நூற்றேழு நாள் அக்கா, நூற்றேழு நாள்.

ஸ்பானரை வைத்துவிட்டு உள்ளே போனேன். "லிஃப்டை நிறுத்தினது நான்தான்" என்றேன். பிறகுதான் குடிக்கிறவன் என்று சொன்னேன். ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் வரவில்லை என்று அத்தானிடம் சொல்லிவிடு. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

தம்பி

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சொன்னபடி செய்துவிட்டாய்.

லாரிக்காரரோடு டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார், என்னைப் பார்த்ததும் சாத்திவிட்டார். இந்த வியாழன் கூட்டத்துக்கு வந்திருந்தார். "ஒன்பது நாள்" என்றார். நான் கை தட்டியபோது என் பக்கம் திரும்பவில்லை.

உன்மேல் கோபமாக இருக்கிறது அக்கா. பொய் எழுதியபோது செல்லத் தம்பி என்றாய். உண்மையை எழுதினேன், தபால்காரர் என் கதவைத் தாண்டிப் போகிறார். நேற்று கடை வாசல் வரைக்கும் போனேன். திரும்பி வந்து அழுதேன். குடிக்கவில்லை. இன்றோடு முப்பத்தெட்டு நாள். கூட்டத்தில் சொன்னால் தட்டுகிறார்கள். உன்னிடம் சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கிறது.

நீ நம்ப வேண்டாம். பதிலும் போட வேண்டாம். அடுத்த வாரமும் எழுதுவேன்.

உன் தம்பி