ஹால் தரையில் ஒரு கயாக்

என்னங்க,

சாதம் குக்கரில் இருக்கிறது. குழம்பை மட்டும் சுட வைத்துக்கொள்ளுங்கள். பழைய படகு விற்கிறவர் நாலு மணிக்கு போன் செய்வார். ஒற்றை சீட்டுக் கயாக்கா, இரட்டை சீட்டா என்று இன்றைக்கே சொல்லிவிட வேண்டுமாம். நீங்களே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குள் அடங்குமா என்று பார்க்க, என் தையல் சாக்பீஸால் ஹால் தரையில் பத்தடிக்குப் படகு வரைந்தீர்கள். மூன்று வாரமாக அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றித்தான் பெருக்குகிறேன். முதல் நாள் இரண்டு பேரும் அதற்குள் உட்கார்ந்து, முன்னால் நீங்கள் விளக்குமாற்றாலும் பின்னால் நான் ஒட்டடைக் கம்பாலும் துடுப்புப் போட்டோம். எத்தனை மாதம் கழித்துச் சிரித்தீர்கள்!

இன்று காலை பார்த்தால் பின் சீட்டை மட்டும் ஈரத்துணியால் துடைத்திருக்கிறீர்கள்.

"ஒத்தை சீட்டுதான் விலை கம்மி. ஒரே ஆளு தூக்கிடலாம். புதுசா ஓட்டுறவங்களுக்கு அதுதான் தோது" என்றீர்கள். எல்லாம் நியாயம்தான், நான் என்னவென்று சண்டை போடுவது? "அப்ப நான்?" என்றதற்கு, "நீ கரையில நில்லு" என்றீர்களே, ஒரு பேச்சுக்காவது சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கலாம்.

அக்கா வீட்டுக்குப் போகிறேன். என் சாவி கீழ்வீட்டு நர்ஸிடம் இருக்கும்.

பி.கு.: லைஃப் ஜாக்கெட் இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். உங்களுக்கு நீச்சல் தெரியாது.

இன்னொன்று: பின் சீட்டை நானே திரும்ப வரைந்துவிடலாம் என்று சாக்பீஸை எடுத்தேன். எனக்கு நானே இடம் போட்டுக்கொள்வதா என்று வைத்துவிட்டேன். சாக்பீஸ் தையல் மெஷின் டிராயரில்தான் இருக்கிறது.