துருக்கி மலையில் கேட்ட ஐலசா

என் முகம் பாராமல் பெயர் மட்டும் வைத்துவிட்டுப் போன நைனாவுக்கு,

தகப்பனாரைத் ‘தாங்கள்’ என்று எழுத வேண்டும் என்பது கடிதப் பாடம். ஏற்கெனவே தூரத்தில் இருக்கிறாய். நான் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

நீ பெரிய யுத்தத்துக்குப் பட்டாளத்தோடு போய், துருக்கிக்காரரிடம் பிடிபட்டு, கைதியாகவே இறந்தாய். அதனால் நம் தெருவில் உனக்கு மரியாதை குறைவு. குழாயடியில் பொன்னம்மா அக்கா, “இன்னாடி பாக்கியம், உங்க நைனா கைய தூக்கிகினு நின்னவருதானே? பட்டாளத்தான் பொண்ணுன்னு இன்னாத்துக்கு மினுக்குற?” என்பாள். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். நான் வீட்டுக்கு வந்து பதில் தேடுவேன். என் சரித்திரப் புத்தகத்தில் வென்றவர்கள் உண்டு, மாண்டவர்கள் உண்டு; பிடிபட்டவர்கள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, உன்னோடு சிறைப்பட்ட காதர் மாமா நம்மைத் தேடி வந்தார்; விடுதலையானபின் ரங்கூனில் பிழைத்துவிட்டு இப்போதுதான் ராயபுரம் திரும்பினாராம். ஏன் கையைத் தூக்கினீர்கள் என்று நான் நேராகவே கேட்டேன்.

“துருக்கிக்காரன் மாசக்கணக்கா சுத்தி வளைச்சிட்டான், சோறில்லாம சுருண்டு கெடந்தோம் பாப்பா. சரண்டர்னு சொன்னது பெரிய துரை. எங்கள யாரு கேட்டாங்க?” என்றார்.

அப்புறம் துருக்கியில் மலையைக் குடைந்து ரயில் பாதை போட உங்களை விட்டார்களாம். பசியில் யாராலும் தண்டவாளத்தை அசைக்க முடியவில்லையாம். பட்டாளத்துக்குப் போகுமுன் நீ வேலை செய்த கொருக்குப்பேட்டை ரயில் யார்டில் கூவுவதுபோல எடுத்துக் கொடுத்தாயாம்.

“தூக்கு மாமு!”

“ஐலசா!”

“காவக்காரன் மூஞ்சி கலீஜு!”

“ஐலசா!”

“பஞ்சாபிக்காரனும் போட்டான், வெள்ளைக்கார சிப்பாயும் போட்டான். கடைசில அந்தக் காவக்காரனே ஐலசா போட்டான் பாப்பா!”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். உன் பேச்சு வந்து அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

காய்ச்சல் வந்த பிறகும் படுத்துக்கொண்டே கூவினாயாம். “பாக்கியம் வூட்டுக்குப் போலாம் வா” என்பதுதான் கடைசியாம். மறுநாள் கூவ நீ இல்லாமல் தண்டவாளம் எழும்பவில்லை என்று சொல்லிவிட்டு மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நைனா, பெண்தான் பிறப்பாள் என்று உனக்கு எப்படித் தெரியும்? எந்த முகத்தை நினைத்துக் கூவினாய்?

திங்கட்கிழமை பொன்னம்மா அக்கா மறுபடி ஆரம்பித்தாள். “காவக்காரனையே ஐலசா போட வச்சவரு எங்க நைனா. உங்க வூட்டுக்காரரு இன்னா பண்ணாரு?” என்றேன். குழாயடியே சிரித்தது. “புஸ்தகம் படிச்சிப் படிச்சி வாயி நீண்டுகீது இதுக்கு,” என்றாள் அவள். ஆனால் தன் குடத்தை நகர்த்தி அம்மாவுக்கு இடம் விட்டாள்.

யார்டில் இப்போதும் தண்டவாளம் தூக்குகிறார்கள். பள்ளி விட்டு வரும்போதெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் பதில் குரல் கொடுப்பேன். வெட்கப்பட மாட்டேன். நீ கூவு, நைனா.

நீ கூப்பிட்ட வீட்டிலிருந்து,
உன் மகள் பாக்கியம்